மாத மடல்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த மடலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாக எழுதிய பதில்களைச் சேர்த்து, விட்டுப்போனதை நிரப்பி இங்கே தருகிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை எனக்கு மிகவும் பிடித்த இடங்கள்.

நீங்கள் யார்? என்ன வேலை செய்கிறீர்கள்?

மதுராந்தகத்துக்காரன். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். பால் சங்கம், தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம், நெசவாளர் சங்கம் என்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஊர் ஊராகப் போகிற வேலை. ரொக்கப் புத்தகம், பேரேடு, இருப்புப் பதிவேடு, வவுச்சர் கட்டு என்று பகல் முழுவதும் இவற்றோடுதான் கழியும். மாலையில் சங்கத்தைப் பூட்டியதும் அந்த ஊரின் கோயில் சுவரையோ ஏரிக்கரையையோ பார்க்காமல் நான் பஸ் ஏறுவதில்லை. அப்படிப் பார்த்தவற்றையும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்தவற்றையும் மாதம் ஒரு மடலாக எழுதுகிறேன்.

கல்வெட்டு, மழை, பறவை, நாட்குறிப்பு, கணிதம் என்று தாவித் தாவி எழுதுகிறீர்களே. ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆழமாக எழுதினால் என்ன?

வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தாறு துறையாகத் தெரியும். எனக்கு அது ஒரே ஆர்வம். நான் தேடிப் போவது குறித்து வைத்தவர்களை. கல்லில் வெட்டினாலும் ஓலையில் கீறினாலும் பென்சிலால் எழுதினாலும், நடந்ததை நடந்தபடி, பின்னால் வருகிற ஒருவர் சரிபார்க்கும் வகையில் எழுதி வைத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அரசன் வென்ற போரைப் பாட நிறையப் பேர் இருந்தார்கள். எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

இதை நான் கற்றுக்கொண்ட இடம் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு. அதில் மாதக் காலண்டர் தொங்கும். அம்மா அதன் கட்டங்களில் பால் கணக்கு எழுதுவார். பால் வந்த வேளைக்கு ஒரு கோடு, வராத வேளைக்குப் பெருக்கல் குறி. விருந்தாளிக்காகக் கூடுதலாக வாங்கினால் கட்டத்தின் மூலையில் அரை, ஒன்று என்று குறிப்பு. சிலிண்டர் மாற்றிய தேதி, அரிசி மூட்டை பிரித்த தேதி, தெருக்குழாயில் தண்ணீர் வராத நாள் எல்லாம் அதே கட்டங்களில் இருக்கும். டிசம்பர் முடிந்ததும் காலண்டரைச் சுருட்டிப் பரண்மேல் வைப்பார், எறியமாட்டார். இன்று அந்தச் சுருள்களை விரித்தால், எந்தக் கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நாள் வரவில்லை என்று சொல்லிவிட முடிகிறது. அந்தத் தகவல் வேறு எந்த அலுவலகத்திலும் கிடையாது.

இப்படிப் பல துறைகளில் ஈடுபட்டவர்களில் உங்களுக்கு முன்மாதிரி யார்?

முதலில் கிஃப்ட் சிரோமணி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். வாசலில் பெண்கள் போடும் கோலத்தில் இலக்கண விதிகள் இருக்கின்றன என்பதை 1970களில் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து கணினி அறிவியல் ஆய்வாக எழுதினார். மாமல்லபுரம் சிற்பங்களின் ஆடை அணிகளை எண்ணிப் பகுத்தார். பழந்தமிழ் எழுத்துகளை ஆராய்ந்தார், கல்லூரி வளாகத்துப் பறவைகளையும் கவனித்தார். எதைத் தொட்டாலும் அவர் எண்ணினார், அட்டவணை போட்டார், பிறகுதான் பேசினார். பல துறைகளில் கால் வைப்பவர்கள் மேலோட்டமானவர்கள் என்று யாராவது சொன்னால் நான் அவர் பெயரைச் சொல்வேன்.

அடுத்து ஐராவதம் மகாதேவன். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே குகைத்தளங்களில் உள்ள தமிழ்-பிராமி எழுத்துகளைப் படித்தவர், பின்னர் தினமணி ஆசிரியராகவும் இருந்தார். மூன்றாவதாக, இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996-இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார். புலியை மட்டுமல்ல, தோட்டத்து ஓணானையும் அணிலையும் அதே அக்கறையோடு கவனித்து எழுதியவர். ஒரு மடலை முடித்து அனுப்புவதற்கு முன்னால் அவருடைய நிதானம் இதில் கொஞ்சமாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

உத்திரமேரூரைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். குடவோலை முறைதான் எல்லாருக்கும் தெரியுமே?

ஊர்ச்சபைப் பொறுப்புக்கு ஆள் எடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டார்கள் என்பது தெரியும். அதைச் சுற்றி அவர்கள் போட்டிருக்கும் வேலியைப் பள்ளிப் பாடங்கள் விரிவாகச் சொல்வதில்லை.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. முதலில் எழுதிய விதிகளில் ஓட்டை இருப்பதைக் கண்டு, இரண்டே ஆண்டுகளில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். வேட்பாளரின் வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற குழுக்களில் பொறுப்பேற்றார்கள்.

ஒரு தணிக்கைக்காரனாக எனக்கு மெய் சிலிர்க்கும் இடம் வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. சிற்றன்னை மகன், அத்தை மகன், மாமன், மருமகன் என்று உறவுகளை வரிசையாகக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். இவன் விலகி இவன் மைத்துனன் பேரில் பதவியைத் தொடரும் வழி அன்றைக்கே தெரிந்திருக்கிறது, அன்றைக்கே அதை அடைத்திருக்கிறார்கள். இன்றைய சங்கங்களின் துணைவிதிகளில் இவ்வளவு தெளிவு இருந்தால் என் வேலை பாதியாகக் குறையும்.

இன்னொன்று, ஓலை எடுக்கும் முறை. குடத்தை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா? அவன் படித்த பிறகு அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லாரும் அதையே படிக்க வேண்டும். அந்த விரிந்த விரல்களைப் பற்றி எழுதிய கை, ஏதோ ஒரு மோசடியை நேரில் பார்த்த கை என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் அது அந்தக் காலத்து ஜனநாயகம்தானே?

அந்தச் சொல்லை அங்கே பயன்படுத்த நான் தயங்குவேன். உத்திரமேரூர் ஒரு பிரமதேய ஊர், சதுர்வேதிமங்கலம்; அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் பெயர்கள்தாம் குடத்துக்குள் போயின. அதே ஊரில் நிலத்தை உழுதவர்களின் பெயரோ பெண்களின் பெயரோ அந்தக் குடத்தில் இல்லை. கணக்குக் காட்டும் கடமையை இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்காக அந்தச் சபையை நான் மனமாரப் போற்றுகிறேன். யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் அதே கல்வெட்டைக் காட்டித்தான் சொல்கிறேன். இரண்டையும் மறைக்காமல் நமக்குக் கொடுத்தது அந்தக் கல்தான்.

கல்வெட்டுப் படிக்க எனக்கும் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சோழர் காலக் கோயிலின் அதிட்டானத்திலிருந்து, அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடத்திலிருந்து, தொடங்குங்கள். தரைக்குச் சற்று மேலே பட்டையாக ஓடும் கல்வரிசைகளில் வரிகள் இருக்கும். நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் குழி நிழலாகத் தெரியும். உள்மண்டபமானால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

பெரும்பாலான கல்வெட்டுகள் ஒரே ஒழுங்கில் போகும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும், அரசனின் புகழுரை வரும், ‘யாண்டு’ என்று ஆட்சியாண்டு வரும், பிறகு நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்தது. தானங்களில் அதிகம் காண்பது நுந்தா விளக்கு. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள், சில இடங்களில் 90. ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். மூலதனம் குறையாமல் வட்டியில் மட்டும் செலவு செய்யும் அறக்கட்டளையை ஆட்டுமந்தையை வைத்து நடத்தியிருக்கிறார்கள். நான் முதன்முதலில் முழுதாகப் படித்துப் பொருள் புரிந்துகொண்ட கல்வெட்டு அப்படிப்பட்ட ஒரு விளக்குத் தானம்தான்.

தொல்லியல் துறையினர் படியெடுப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். கெட்டியான தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை தொட்ட பொதியால் மெதுவாக ஒற்றிக்கொண்டே வருவார்கள். மேடான இடமெல்லாம் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். வெறும் கரடாகத் தெரிந்த சுவர் பேசத் தொடங்குகிற அந்தக் கணத்தை நான் எவ்வளவு எழுதினாலும் போதாது.

ஒரு வேண்டுகோள்: எழுத்துத் தெரியவில்லை என்று எண்ணெய் பூசாதீர்கள், ஆணியால் கீறிப் பார்க்காதீர்கள். திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுவரை வெளுத்து எழுத்தை மழுங்கடித்த கோயில்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய எழுத்து ஒரே வாரத்தில் போய்விட்டது. இதைப் பார்க்கும்போது வரும் கோபத்தை நான் எந்த மடலிலும் மறைத்ததில்லை.

மழைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் மாதா மாதம் மழை அளவு போடுகிறீர்கள்?

ஏரியின் அடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு மழையைவிடப் பெரிய செய்தி கிடையாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அந்த மூன்று மாதத்தில் ஏரியில் பிடித்ததுதான் ஆண்டு முழுவதற்கும்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். வானிலைத் துறையின் வழக்கப்படி தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து எழுதுகிறேன். அன்று 8.30 வரையான 24 மணி நேரத்து மழை அந்தத் தேதியின் கணக்கில் சேரும். நீங்களும் வைக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் போதும். அதில் நிற்கும் தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் மழை அளவு. மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மூன்று சென்டிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 1,20,000 லிட்டர் விழுந்திருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தவர் மொட்டைமாடித் தண்ணீரைத் தெருவில் விடமாட்டார்.

ஒவ்வொருவரும் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பதிவாயின. அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே நகரம், ஒரே பெருமழை, இவ்வளவு வேறுபாடு. இரண்டு மானிகளுக்கு நடுவிலுள்ள ஊர்களில் எவ்வளவு பெய்தது என்பதை அங்கே இருப்பவர்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

நுங்கம்பாக்கம் என்றதும் இன்னொன்று. அங்கே 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டியது. 1796 முதல் வானிலைக் குறிப்புகளும் அங்கே எழுதப்பட்டன. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் மண்டல வானிலை மையத்தின் வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பஞ்சாங்கக் கணக்குகளை நேரடி வானக் கணிப்போடு ஒத்துப்பார்த்துத் திருத்தவும் பாடுபட்டார். 1874-இல் வெள்ளி, சூரியனைக் கடந்தபோது அதை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். தெரிந்ததைத் தெரியாதவருக்கு எழுதிச் சொன்ன அவரை நினைத்துத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மடல் வானத்துக்கு ஒதுக்குகிறேன்.

வேடந்தாங்கல் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே? எப்போது வரலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. மழை சரியாகப் பெய்து ஏரியில் தண்ணீர் நின்றால் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருக்கும். மாலையில் வாருங்கள். இரை தேடப் போனவை திரும்பும் நேரம் அது.

வேடந்தாங்கலை வனத்துறை காப்பதற்கு மிக முன்பே ஊர்க்காரர்கள் காத்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் பாதுகாப்புக் கோரிப் பத்திரம் வாங்கியதாக வரலாறு. 1936-இல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளைச் சும்மா இருக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஊரின் அருமை புரியும்.

அந்தப் பிளேஸ் துரைக்குத்தான் ராமர் காட்சி கொடுத்தாரா? அதை நீங்கள் நம்புகிறீர்களா?

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதுராந்தகம் ஏரி பெருமழையில் உடையும் நிலையில் இருந்தது. இரவில் கரையைப் பார்க்கப் போன பிளேஸ், வில்லேந்திய இருவர் கரையில் நின்று காப்பதைக் கண்டார். கரை உடையவில்லை. நன்றியாகத் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார். எங்கள் கோதண்டராமர் ஏரிகாத்த ராமர் ஆனது அப்படித்தான்.

நான் அந்தச் சன்னதியில் கும்பிட்டு வளர்ந்தவன். பிளேஸ் பெயர் சொல்லும் எழுத்து அங்கே இருக்கிறது. அவர் ஜாகீர் என்று அழைக்கப்பட்ட செங்கல்பட்டு நிலப்பகுதியைப் பற்றி 1799-இல் எழுதிய நீண்ட அறிக்கையும் இருக்கிறது. ஏரிகளைச் செப்பனிடுவதில் அவர் அக்கறை காட்டியதும் பதிவாகியிருக்கிறது. காட்சியைப் பொறுத்தவரை அது பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது, அப்படியே மடலிலும் எழுதுகிறேன். ‘கல்லில் இருக்கிறது’, ‘காகிதத்தில் இருக்கிறது’, ‘சொல்கிறார்கள்’ என்று மூன்றையும் மூன்றாகவே வைப்பது என் வழக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. ஏரி உடைந்தால் ஊர் என்ன ஆகும் என்ற பயம் உண்மையானது, அந்தப் பயத்தைத்தான் அந்தக் கதை சுமந்து வருகிறது.

பழைய நாட்குறிப்புகளில் எதை முதலில் படிக்கச் சொல்வீர்கள்?

தயக்கமே இல்லாமல் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, உயர்ந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதினார். கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி முழங்கியது, யாருக்கு என்ன வெகுமதி, எந்தச் சரக்குக்கு என்ன விலை, கோட்டையில் யார் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததையும், 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அந்தந்த நாள்களிலேயே எழுதியிருக்கிறார். அவருடைய நடை மேடைத் தமிழும் புலவர் தமிழும் அன்று. கடைத்தெருவிலும் அரசு அலுவலகத்திலும் பேசிய தமிழ், பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் கலந்து ஓடுகிறது.

அவர் பக்கச்சார்பு உள்ளவர். தன் மதிப்பும் பல்லக்கும் அவருக்கு முக்கியம், எதிரிகளைப் பற்றிக் கடுமையாக எழுதுவார். அது தெரிந்தே படிக்க வேண்டும். தணிக்கையில் ஒரு பழக்கம் உண்டு: எழுதியவருக்கு ஆதாயம் உள்ள பதிவை இரண்டு முறை பார்ப்போம், ஆதாயம் இல்லாத பதிவை நம்புவோம். பிள்ளையவர்களை அப்படிப் படித்தால் பீரங்கி எண்ணிக்கையும் விலைவாசியும் பொன்னாகத் தெரியும்.

இந்தக் குறிப்புகள் அவர் வீட்டில் யாரும் கவனிக்காமல் கிடந்து, 1846-இல்தான் கலுவா மொம்பிரேன் என்பவர் கண்ணில் பட்டன. புதுச்சேரியில் பிள்ளைக்குப் பின் இரண்டாம் வீரா நாயக்கர் போன்றவர்களும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். வீரா நாயக்கருடையதையும் தேடிப் படியுங்கள். காவல்துறையில் இருந்தவர் என்பதால் சாதாரண மக்களின் வழக்குகள் அதில் வருகின்றன.

ராமானுஜனைப் பற்றி ஏன் எழுதினீர்கள்? அவர் கணித மேதை, குறிப்பு எழுதியவர் இல்லையே?

என் தலைப்புக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். காகிதம் விலை அதிகம் என்பதால் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழியெல்லாம் அழிந்து, சென்று சேர்ந்த இடங்கள் மட்டும் மிஞ்சின. அந்த முடிவுகளுக்கு வழி கண்டுபிடிக்கக் கணிதவியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. புரூஸ் பெர்ன்ட் அந்த நோட்டுகளுக்கு விளக்கம் எழுதி ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடித்தது 1998-இல். கடைசி நாள்களில் எழுதிய தாள்களோ கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கையில் அகப்பட்டன.

அந்தச் சிலேட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு கட்டுக் காகிதம் வாங்க முடியாத வறுமையால் உலகம் எதையெல்லாம் இழந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது.

ரயில் பற்றி மறுபடி எழுதுவீர்களா?

எழுதுவேன். 1856-இல் திறந்த ராயபுரம் நிலையத்துக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பற்றி ஏற்கெனவே எழுதியாயிற்று. அடுத்தது பாம்பன் பாலம்.

அரசியல், சினிமா எழுதமாட்டீர்களா?

அவற்றை நன்றாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பகிர்ந்துவிடும் நீர்க்கட்டிகளைப் பற்றி எழுத ஆள் குறைவு.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இதற்கெல்லாம் நேரம் எப்படிக் கிடைக்கிறது?

வேலையே என்னை ஊர் ஊராக அழைத்துப் போகிறது. பஸ் பயணத்தில் படிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுதுகிறேன். என் மனைவிதான் முதல் வாசகர். ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று அவர் சொன்ன பத்தியை மறுபடி எழுதாமல் அனுப்புவதில்லை.

நாங்கள் எதை எழுதி அனுப்பலாம்?

வீட்டில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு, மொய்ப் புத்தகம், கிணறு வெட்டியபோது எழுதிய ஆழக் குறிப்பு, தாத்தாவின் மழைக் குறிப்பு, பாட்டியின் காலண்டர் எதுவானாலும் அனுப்புங்கள். படம் எடுத்தால் பக்கத்தின் நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். ஊர், வட்டம், மாவட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்று நான்கு வரி எழுதினால் போதும். மொய்ப் புத்தகத்தில் உள்ளவர்களின் பெயர்களை மறைத்துவிடுங்கள், தொகையும் ஊரும் இருந்தால் எனக்குப் போதும். நோட்டு உங்களிடமே இருக்கட்டும். வெயில் படாத, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.

இந்த ஆண்டு நான் சேர்த்துக்கொண்டிருப்பது மதகுகளின் பெயர்கள். பெரும்பாலான ஏரிகளில் ஒவ்வொரு மதகுக்கும் தனிப்பெயர் உண்டு, அரசுக் கணக்கில் அது வெறும் எண்ணாகத்தான் இருக்கும். பெயர் தெரிந்தவர்கள் தண்ணீர் பாய்ச்சிய முதியவர்கள். உங்கள் ஊர் ஏரியில் மதகு எத்தனை, அவற்றின் பெயர் என்ன, எந்த மதகுத் தண்ணீர் எந்த வயல்வெளிக்குப் போகிறது, ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் போகும் இடம்) வழிந்தால் அடுத்து எந்த ஏரிக்குப் போய்ச் சேரும் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சொன்னவரின் வயதையும் சேர்த்து எழுதுங்கள். அக்டோபர் மழை தொடங்குவதற்கு முன்னால், கரையில் நடக்க முடிகிறபோதே போய்விட்டு வந்தால் நல்லது.